கம்பியில் குத்திய சீட்டுகள்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு கம்பி தொங்குகிறது. பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்து அப்பா செய்தது. நண்டு எடை போட்டு முடிந்ததும் வியாபாரி கிழித்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டை அம்மா கொண்டுவந்து அதில் குத்தி வைப்பாள். தேதி, கிலோ, விலை, ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மொத்தம். சில சீட்டில் மொத்தத்துக்குப் பக்கத்தில் 'மு' என்று ஓர் எழுத்து இருக்கும். அது என்ன என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை.

எம்.ஏ. பொருளியல் இரண்டாம் வருடத்தில் ஆய்வேடு எழுத வேண்டிவந்தபோது, நூலகத்தில் பத்து நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் அந்தக் கம்பியைத்தான் கழற்றிக்கொண்டு காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். மூன்று வருடச் சீட்டு. அடுப்புப் புகையில் பழுப்பேறி, அடியில் இருந்தவை அப்பளம் மாதிரி நொறுங்கின. ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி முடிக்க மூன்று வாரம் ஆனது.

எங்கள் ஊர் தொண்டிக்குப் பக்கம், நம்புதாளை. பாக் நீரிணைக் கரை. அப்பாவுக்கு ஒரு வள்ளம் உண்டு, அதில் நண்டு வலைதான் முக்கியத் தொழில். மதியத்துக்கு மேல் போய் வலை விட்டு, விடியக்காலையில் வலையை இழுத்து வாங்கி வருவார்கள். பிளஸ் டூ முடித்ததும் எல்லோரும் பி.காம் படி, பேங்க் வேலைக்கு ஆகும் என்றார்கள். அரசுக் கல்லூரிக் கலந்தாய்வில் என் முறை வரும்போது பி.காம் இடம் தீர்ந்துவிட்டது. பொருளியல் மிச்சம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். தமிழ்வழி. இரண்டாம் வருடத்தில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கி, மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில் விழுந்தது. அந்த ஆயிரத்தில்தான் புத்தகமும் பஸ் செலவும் ஓடின. மேலே படிப்பதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கும் தைரியமும் அதில்தான் வந்தது.

எம்.ஏ.வுக்கு அழகப்பா பல்கலைக்கழகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் ஆரம்பித்த கல்லூரியில் இருந்து வளர்ந்து, 1985-ல் பல்கலைக்கழகமானது. அதன் கடலியல் துறை எங்கள் தொண்டியில் இருக்கிறது. கடலைப் படிக்க வெளியூர்ப் பிள்ளைகள் எங்கள் கரைக்கு வருகிறார்கள். கடல்காரர்களின் கணக்கைப் படிக்க நான் காரைக்குடிக்குப் போனேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ், வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பும் பஸ். திருவாடானை தாண்டினால் வயக்காடு. தேவகோட்டை வந்தால் கூட்டம் ஏறிவிடும், அதற்குள் உட்கார இடம் பிடித்திருக்க வேண்டும்.

முதல் மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. மூன்று வருடம் தமிழில் படித்த சொற்களெல்லாம் ஆங்கிலத்தில் வந்து நின்றன. நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று எழுதி வைத்தேன். அப்படி எழுதும்போதுதான் நம் பாடப்புத்தகச் சொற்கள் எவ்வளவு அழகானவை என்று தெரிந்தது. விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்பதற்கு 'தேவை நெகிழ்ச்சி' என்று பெயர். அரிசி விலை ஏறினாலும் சோறு தின்னத்தான் வேண்டும், அங்கே நெகிழ்ச்சி குறைவு. சீலா மீன் விலை ஏறினால் சூடையை வாங்கிக்கொள்வார்கள், அங்கே நெகிழ்ச்சி அதிகம். அம்மா சும்மாடு வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்றவள். எந்த வீட்டு வாசலில் எந்த மீனைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், எங்கே இரண்டு ரூபாய் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நுண்பொருளியல் வகுப்பில் ஆல்பிரட் மார்ஷல் வந்தார். 1890-ல் அவர் எழுதிய நூலில் விலையும் காலமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று விளக்க எடுத்துக்கொண்டது மீன் தொழிலை. ஒரு நாளில், வந்த மீன் வந்ததுதான். காற்றும் கடலும் வைத்த அளவு. அன்றைக்கு விலையை முடிவுசெய்வது வாங்க வந்த கூட்டம். மாட்டுக்கு நோய் வந்து, ஓரிரு வருடம் ஜனங்கள் கறியை விட்டு மீனுக்கு மாறினால், கரையில் கிடக்கும் பழைய படகையெல்லாம் தட்டிக் கொட்டிக் கடலுக்கு இறக்குவார்கள், வேறு வேலைக்குப் போன ஆட்களும் திரும்ப வருவார்கள். தலைமுறைக் கணக்கில் ஆசை மாறினால் புதுப் படகு கட்டுவார்கள், புது ஆள் தொழில் பழகுவான். இந்த மூன்றும் மூன்று விதமான விலை.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போட்டேன். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் எங்களைப் போன்ற நாட்டுப்படகுகள் மட்டும் போகும், வரத்து குறையும், வாங்க ஆள் குறையாது. "அப்ப நமக்கு விலை நல்லா ஏறணுமேப்பா, ஏறுதா?" என்று கேட்டேன்.

"ஏறும்த்தா. எல்லாருக்கும் ஏறுற மாதிரி நமக்கு ஏறாது."

ஏன் என்று கேட்டேன். தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

இன்னொரு பாடத்தில் கேரளத்து மீனவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-ல் வெளியிட்டது. 1997-ல் இருந்து 2001 வரை வட கேரளக் கரையில் கைபேசி பரவியபோது, கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டு அங்கே படகைத் திருப்பினார்கள். அதற்கு முன்பு ஒரு கரையில் மத்தி விற்காமல் கொட்டிக் கிடக்கும், பக்கத்துக் கரையில் வியாபாரி மீன் இல்லாமல் திரும்புவார். போன் வந்த பிறகு கரைக்குக் கரை விலை வித்தியாசம் பெரிதும் மறைந்தது, வீணாகும் மீன் இல்லாமலே போனது, மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பாடம் அது. எனக்கு மட்டும் உறுத்தியது. எங்கள் வள்ளத்தில் ஆளுக்கு ஒரு போன் இருக்கிறது. தேவிபட்டினத்து விலை, மண்டபத்து விலை எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆனால் எங்கள் நண்டு ஒரே தராசுக்குத்தான் போகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வலையில் இருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். "போன்ல விலை தெரியும். நம்ம வள்ளம் யார் காசுல ஓடுதுன்னு அந்த ஊரு யாவாரிகளுக்கும் தெரியும்ல."

அப்போதுதான் 'மு' என்பது முன்பணம் என்று தெரிந்தது.

கணக்கு இதுதான். என் அண்ணனுக்கு உடம்பு முடியாமல் மதுரைக்குக் கொண்டுபோன வருடம் அப்பா வியாபாரியிடம் வாங்கியது, அதற்குப் பிறகு எஞ்சினுக்காக வாங்கியது, எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். வட்டி கிடையாது. பத்திரம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று, பிடிக்கிற நண்டு முழுவதும் அவருக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. எங்கள் தெருவில் பெரும்பாலான வீட்டில் இதே ஏற்பாடுதான். 'வட்டியில்லாக் கடன்' என்று நன்றியோடுதான் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா யாருக்கும் கடன்படாதவர். மூத்த மகன் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பி வள்ளத்தை மீட்டுவிட்டான். அவர் வீட்டுச் சீட்டையும் கேட்டு வாங்கினேன். ஒரே கரை, ஒரே நாள், ஒரே ரக நண்டு. இரண்டு வீட்டுச் சீட்டையும் தேதி வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன். கிலோவுக்கு ஏறக்குறைய 40 ரூபாய் எங்களுக்குக் குறைந்திருந்தது. பாடு, அதாவது பிடிபட்டது, நன்றாக இருந்த நாளிலும் அதே குறைவு. விசைப்படகுத் தடை நாட்களில் வெளியே விலை ஏறும்போது வித்தியாசம் இன்னும் விரிந்தது.

எங்கள் வள்ளத்துக்கு மாதம் சராசரி 120 கிலோ. நாற்பது ரூபாய் வீதம் 4,800. காற்று நாட்களைக் கழித்து வருடத்துக்குப் பத்து மாதம் என்று வைத்தால் 48,000. ஒன்றரை லட்சத்துக்கு 32 சதவீதம். அசலில் ஒரு ரூபாய்கூடக் கழியாமல்.

விடுதி அறையில் ராத்திரி அந்த 32-ஐ நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். நான்கு தடவையும் அதேதான் வந்தது. எட்டு வருடமாக அப்பா கட்டிய வட்டி இது. ஒரு நாளும் கையில் எண்ணிக் கொடுக்காததால் வட்டி என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விற்பவர் பலர், வாங்குபவர் ஒருவர் என்ற சந்தைக்கு ஒரு சொல்லைப் பொருளியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜோன் ராபின்சன், 1933-ல். தமிழில் 'வாங்குவோர் முற்றுரிமை' என்று படித்திருந்தேன். பரீட்சைக்குப் படம் வரைந்து பத்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது எங்கள் அடுப்படியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது உறைக்க இவ்வளவு நாள் ஆனது.

என் நெறியாளர் அம்மா சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக் கணக்கு மட்டும்னா அது உன் வீட்டுக் கதை. இன்னும் நாலு கரைக்குப் போ" என்றார். போனேன். சோலியக்குடி, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி. ஆண்களிடம் முன்பணம் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். பெண்கள்தான் பேசினார்கள், அதுவும் வலையில் இருந்து நண்டு கழற்றும்போது.

நண்டு கழற்றுவது பற்றி எழுதாமல் விட முடியாது. வலை கரைக்கு வந்ததும் நண்டு கால்களால் நூலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். கால் ஒடியாமல் எடுக்க வேண்டும், ஒடிந்தால் ரகம் இறங்கும், விலை இறங்கும். கொடுக்கு விரலைக் கவ்வினால் தோல் கிழியும். காலையில் மூன்று மணி நேரம் அம்மா கழற்றுகிறாள். எங்கள் வள்ளத்துப் பங்கு முறையில், டீசலும் செலவும் போக மிச்சம் ஐந்தாகப் பிரியும். போகும் மூன்று ஆளுக்கு மூன்று பங்கு, வள்ளத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. வலைக்கே பங்கு உண்டு, அம்மாவுக்குக் கிடையாது.

அந்த வலைப்பங்கைப் பற்றி வணிகவியல் துறையில் எடுத்த விருப்பப்பாடத்தில் ஒரு வெளிச்சம் கிடைத்தது. தேய்மானம் நடத்தினார்கள். எந்திரம் உழைக்க உழைக்க அதன் மதிப்பு கரையும், அந்தக் கரைவைச் செலவாக எழுதி வைத்தால்தான் லாபம் எது, முதல் எது என்று தெரியும், புதுசு வாங்கவும் கையிருப்பு இருக்கும். நண்டு வலை போல வேகமாகத் தேயும் சொத்து ஏது? எங்கள் முன்னோர் அதைப் பேரேடு இல்லாமலே கண்டுபிடித்து, வலைக்கென்று ஒரு பங்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கு வலைக்கே போயிருந்தால் புது வலைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் விலையில் கிலோவுக்கு நாற்பது முன்கூட்டியே போய்விடுவதால், மிச்சப் பங்குகளில் குடும்பம் ஓடாது, வலைப்பங்கும் அரிசியாகிவிடும். அப்புறம் வலை கிழியும். அப்புறம் மறுபடி 'மு'. ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த அத்தியாயம் இதுதான். நெறியாளரும் அதில் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

விடுதித் தோழி முதுகுளத்தூர்ப் பக்கம், முண்டு மிளகாய் போடும் குடும்பம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய். என் அட்டவணையைப் பார்த்ததும், "எங்க கமிஷன் கடையும் இப்படித்தான்டி, விதைக்கும்போதே கடன் வாங்கிருவோம்" என்றாள். அவள் அப்பாவுக்கும் எனக்குத் தெரிந்த அந்த நெருக்கடி. அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பில் நான் எழுந்து நின்று பேசியது ஒரே ஒரு தடவை. பொதுச் சொத்து பற்றிய பாடம். 1954-ல் ஸ்காட் கார்டன் என்ற கனடா நாட்டுப் பொருளியலாளர், யாரும் போய்ப் பிடிக்கலாம் என்ற கடலில் லாபம் கரைந்து போகும்வரை படகுகள் பெருகும் என்று காட்டினார். 1968-ல் காரட் ஹார்டின், எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் அழியத்தான் செய்யும் என்று எழுதினார். இல்லை, மக்கள் கூடிப் பேசி விதி வைத்துக் காப்பாற்றுவதும் உண்டு என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துச் சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண். ஆசிரியர் உதாரணம் கேட்டபோது எழுந்தேன். எங்கள் பாக் நீரிணையில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு இழுத்துப் போகும் மடிவலை எங்கள் வலையை அறுத்துப் போகாமல் இருக்கத்தான் இந்த நாள் பிரிப்பு. அது மீறப்படும் ராத்திரிகளும் உண்டு, அப்படி ஒரு ராத்திரியில் எங்கள் வலை முழுவதும் போயிருக்கிறது. ஆனாலும் விதி இருக்கிறது, மீறினால் கேட்க ஆள் இருக்கிறார்கள். குரல் நடுங்கத்தான் சொன்னேன். ஆசிரியர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கரையை வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். அன்றைக்கு எனக்கு ஆங்கிலம் தடுக்கவில்லை, ஏனென்றால் பாதியைத் தமிழிலேயே சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியில் இருந்து வந்த பேராசிரியர் கேட்டார், "32 சதவீதம்னு தெரிஞ்ச பிறகும் உங்க அப்பா ஏன் வேற இடத்துக்கு மாறலை?"

அதற்கு நான் ஆய்வேட்டில் எழுதிய பதில் வங்கி பற்றியது. 2018-19 மத்திய பட்ஜெட்டில், விவசாயிகளுக்கு வங்கிக் கடன் தரும் கிசான் கிரெடிட் கார்டை மீனவருக்கும் நீட்டித்தார்கள். ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் 4 சதவீத வட்டிதான். நாலு எங்கே, முப்பத்திரண்டு எங்கே! ஆனால் அன்று வாயில் வந்த பதில் வேறு. அந்த அட்டவணையைக் காட்டிய ராத்திரி அப்பா சொன்னது.

நான் பென்சிலால் கோடு போட்டு ஒவ்வொரு வரியாக விளக்கினேன். அப்பா முழுவதையும் கேட்டார். அம்மா 48,000 என்ற எண்ணை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து அப்பா சொன்னார்:

"நீ போட்ட கணக்கு சரித்தா. உங்கண்ணன மதுரைக்குக் கொண்டுபோன ராத்திரி மணி ரெண்டு. நாங் கதவத் தட்டுனேன். அந்த மனுசன் லுங்கியோட எந்திரிச்சு வந்து, எவ்வளவுன்னு கேக்காம எடுத்துக் குடுத்தாரு. அதுக்கு உங் கணக்குல எத்தன சதவீதம்?"

பேராசிரியரிடம் இதைத்தான் சொன்னேன். அந்த நாற்பது ரூபாயில் வட்டியும் இருக்கிறது, காப்பீட்டுக் கட்டணமும் இருக்கிறது, எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் விடவில்லை. மேலே படித்தால் அதைத்தான் படிப்பேன்.

வங்கிக் கடனுக்கு அப்பாவோடு நான்கு தடவை அலைந்தோம். வள்ளத்தின் பதிவு, மீனவர் அடையாள அட்டை, சங்க உறுப்பினர் சான்று. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைந்தது. ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு ஒரு நாள் கடல் போனது. நாலாவது தடவை கிடைத்தது. கேட்டதைவிடக் குறைவுதான், ஆனாலும் போன மாசி மாதம் வியாபாரியிடம் ஒரு லட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து, சீட்டில் கழித்து எழுதி, "பாப்பா படிச்சது வீண் போகல" என்று என்னிடமே சொன்னார். மறுவாரம் முதல் கிலோவுக்கு 25 ரூபாய் கூட்டிப் போட்டார்.

மீதி ஐம்பதாயிரத்தையும் இந்த வருடமே முடித்துவிடலாம் என்று நான் ஒரு திட்டம் எழுதிக் காட்டினேன். மாதா மாதம் எவ்வளவு, எப்போது தீரும் என்று. அப்பா முப்பதாயிரம் வரைக்கும் ஒத்துக்கொண்டார்.

"மிச்சம் இருபது இருக்கட்டும்த்தா. முழுசா முறிச்சுறக் கூடாது" என்றார்.

நேற்றைய சீட்டைப் புதுக் கம்பியில் நான்தான் குத்தினேன். ஆறரைக் கிலோ. 'மு' இல்லை.